குகையிலும் தேரடியிலும்

1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமன் என்ற ரமணர், 1950இல் உடலை விடும்வரை அந்த மலையை விட்டு அகலவில்லை. பாதாள லிங்கம், விரூபாட்ச குகை, கந்தாசிரமம், கடைசியில் மலையடிவார ஆசிரமம் என்று ரமணரின் இருப்பிடம்தான் மாறியது. அவரது மௌனத்தை நினைக்கும் யாருக்கும் மலையும் கூடவே நினைவுக்கு வரும்.

யாழ்ப்பாணத்தில் அந்த மௌனம் சந்தை இரைச்சலுக்குள் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்து பெரியகடையில் திரிந்தவர் கடையிற் சுவாமிகள். அவர் வழிவந்த செல்லப்பா சுவாமிகள் நல்லூர்த் தேரடியில் கிடந்தார். ஊர் அவரை விசரன் என்றது. தமக்குள் பேசிக்கொள்வார், கிட்டப் போனவர்களை ஏசிக் கலைப்பார். பாடுபட்டுச் சமைத்த சோற்றுப் பானையைச் சாப்பிடும் நேரத்தில் உடைத்துவிடுவார் என்றும் சொல்வார்கள். திருவண்ணாமலையில் குகைச் சுவர் செய்த வேலையை நல்லூரில் ஏச்சு செய்தது என்றே நான் நினைக்கிறேன். ஆசையோடு வந்தவன் ஓடிவிடுவான். தேடி வந்தவன் நிற்பான். அப்படி நின்றவர்களில் ஒருவர், கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியம் பார்த்தவர். அவரே பின்னாளில் யோகர் சுவாமிகள் (1872–1964).

திருவண்ணாமலையிலும் சேஷாத்ரி சுவாமிகள் பித்தரைப்போலத் தெருத்தெருவாகத் திரிந்தார். பாதாள லிங்கத்தில் பூச்சி அரித்த தொடைகளோடு உணர்விழந்திருந்த இளம் ரமணரைப் பாதுகாக்க முயன்றவரும் அவர்தான். ஆகவே இந்தியாவுக்குக் குகை, இலங்கைக்குத் தெரு என்று வேலி போட முடியாது. ஆனால் பின்வந்தவர்களுக்கு எது பழக்கமாக நிலைத்தது என்று பார்த்தால் வித்தியாசம் துலங்குகிறது.

ரமணர் விட்டுச் சென்றது ஒரு முறை. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, பேசாமல் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து ‘நான் யார்?’ என்ற சிறு நூல் பிறந்தது. எண்ணம் எழுந்தால் அதன் பின்னே ஓடாதே. அது யாருக்கு எழுந்தது என்று பார். எழுந்த இடத்துக்கே மனத்தைத் திருப்பு. தனியாக ஓர் அறையில் இருப்பவனும் இதைத் தொடங்கலாம். இன்றும் ரமணாசிரமத்துப் பழைய கூடத்தில் பல நாட்டவர் பேச்சில்லாமல் அமர்ந்திருக்கிறார்கள். உட்கார முடியாதவர்களுக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் இருக்கிறது. அதையும் அவர் வற்புறுத்திச் சொன்னார்.

யோகரிடம் இப்படிப் படிப்படியான முறை கிடையாது. கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியில் வெயில் மழை பாராது தவம் கிடந்தவர், பிறகு பக்கத்துக் குடிலில் வாழ்ந்தார். அங்கே உத்தியோகத்தரும் ஆசிரியரும் கமக்காரரும் வந்தார்கள். தேவாரம் பாடுவார்கள், சும்மா இருப்பார்கள், சில நாள் ஏச்சு வாங்கிக்கொண்டு போவார்கள். வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. அந்த வேலையையே சிவதொண்டாக்கு என்றார். 1935இல் தொடங்கிய இதழுக்கும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் செங்கலடியிலும் எழுந்த நிலையங்களுக்கும் ‘சிவதொண்டன்’ என்பதே பெயராயிற்று. நிலையத்தில் தியானத்துக்கென்று மண்டபம் உண்டு. அங்கே மௌனம் கண்டிப்பானது. ஆனால் அங்கிருந்து எழுந்தவன் தன் கந்தோருக்கும் தோட்டத்துக்கும் போகிறான். மனம் அடங்கியதா என்பது அங்கேதான் தெரியவரும்.

1995 அக்டோபர் இறுதியில், போருக்கு நடுவே, யாழ்ப்பாணமே ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. வீடும் கோயிலும் பின்னால் நிற்க, சைக்கிளில் மூட்டையோடு போன சனத்துக்கு மலை கிடையாது, கூடம் கிடையாது. யோகர் காட்டியதுபோல் இடத்தை நம்பாத ஒரு சாதனையின் பெறுமதி எனக்கு அந்த இடப்பெயர்வை நினைக்கும்போதுதான் முழுதாக விளங்குகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஏசித் திருத்திய குரு 1964இல் போன பிறகு, புதிதாக வரும் இளைஞனுக்கு அவரது நற்சிந்தனைப் பாடல்களும் மூத்த அடியார்களின் ஞாபகங்களுமே துணை. எங்கிருந்து தொடங்குவது என்று அவன் கேட்டால், ரமணரின் சிறு நூலைத்தான் நான் முதலில் கையில் கொடுப்பேன்.