பாதியாய் வெட்டும் கட்டளை

நேற்றுவரை ஓடிய நிரல் இன்று மக்கர் பண்ணுகிறது. நடுவே 1000 மாற்றங்கள். பிழை எதில் நுழைந்தது? 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதத் தொடங்கிய ‘கிட்’ என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியில் ‘பைசெக்ட்’ என்றொரு கட்டளை உண்டு. ஒழுங்காக ஓடிய பதிப்பு ஒன்றையும் ஓடாத ஒன்றையும் காட்டினால், சரிபாதியில் இருக்கும் பதிப்பை எடுத்து நீட்டும். ஓட்டிப் பார்த்து நல்லதா, கெட்டதா என்று மட்டும் சொன்னால் போதும், மறுபடி பாதி. பத்தே கேள்விகளில் ஆள் அகப்பட்டுவிடுவார். சோதனை நிரலைக் கையில் கொடுத்துவிட்டால் அதுவும் கேட்காது, டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் மாற்றங்களைச் சிறுசிறு கமிட்டுகளாக, அதாவது தனித்தனிப் பதிவுகளாக, போட்டிருக்க வேண்டும். ஏஐ உதவியாளர் ஒரே மூச்சில் திருத்திய நாற்பது கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிவைத்தவருக்கு, பைசெக்ட் அந்த மூட்டையைத்தான் காட்டும். அவிழ்ப்பது அவர் பாடு.