பூட்டி சொன்ன சரித்திரம்

சரித்திர நவீனம் என்றதும் அரண்மனையும் அந்தப்புரமும் யுத்தகளமும் கண்முன் வந்து நிற்பது நமக்குப் பழகிப்போன வழக்கம். முடியிழந்த ராஜகுமாரனுக்காகக் கண்ணீர் வடித்தே வளர்ந்த நாம், மண்ணிழந்த குடியானவனுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1976-ல் வெளிவந்த கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' அத்தகைய குடியானவர்களின் விருத்தாந்தம். தெலுங்கு தேசத்தில் சென்னாதேவி என்னும் பேரழகியின் மேல் ஒரு முகம்மதிய அரசனின் நாட்டம் விழ, பெண்ணைக் கொடுக்க மனமில்லாத சுற்றத்தார் வீடுவாசலையும் நிலபுலன்களையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தெற்கே வந்து, கரிசல் சீமையில் கால் ஊன்றுகிறார்கள்.

இந்தக் கதையை ஆதியிலிருந்து வரிசையாகச் சொல்லியிருந்தால் அதுவும் ஒரு சாகசக் கதையாகவே முடிந்திருக்கும். ஆசிரியரோ ஒரு கொலையில் தொடங்குகிறார். வழிப்பிரயாணத்தில் தாகத்துக்குத் தண்ணீர் தேடி நீர்நிலையில் இறங்கிய கர்ப்பிணிப் பெண், நகைக்காகத் தன்னை நீருக்குள் அமுக்கும் கள்வனின் கால்விரலைக் கவ்விக்கொள்கிறாள். உயிர் பிரிந்த பிறகும் அந்தப் பற்கள் விடுவதில்லை. ஒரு பெண்ணுக்கு நேர்ந்த இந்தக் கதியை வாசலில் நிறுத்திவிட்டு, இன்னொரு பெண்ணின் பொருட்டு ஒரு குலமே பெயர்ந்து வந்த கதைக்குள் நம்மை அழைத்துப் போவதில் இருக்கிறது அவருடைய சாமர்த்தியம்.

அந்தக் கதையைச் சொல்பவள் கோபல்ல கிராமத்துக் கோட்டையார் வீட்டுப் பூட்டி, மங்கத்தாயாரு அம்மாள். அவளுக்கு வயது 137. நாட்டார் கதைக்கே உரிய மிகை என்று நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஊரைவிட்டு ஓடிவந்த தலைமுறையையும் கும்பினி ஆட்சியைக் கண்ட தலைமுறையையும் ஒரே தேகத்தில் இணைக்க வேறு என்ன உபாயம் உண்டு? செப்பேடும் கல்வெட்டும் இல்லாத ஜனங்களுக்கு அவளே செப்பேடு. அவள் வாய்மொழியில், துரத்தி வருகிறவர்களுக்கும் பெருகி ஓடும் ஆற்றுக்கும் நடுவே தவித்து நிற்பவர்களுக்காகக் கரைமரம் வளைந்து பாலமாகிறது. ஆசிரியர் இதற்குச் சமாதானம் சொல்ல முனைவதில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிற அதே குரலில் பூட்டி அற்புதத்தையும் சொல்கிறாள். நாமும் ஏன் எப்படி என்று கேளாமல் அந்த மரத்தின் மேல் நடந்து அக்கரை சேர்கிறோம்.

ஒரு குறையும் உண்டு. சொல்லாமல் விடுவது ரசிகனுக்கு அழகல்ல. துரத்துகிற அரசனுக்கு முகமே இல்லை. தெலுங்கர் தென்னாட்டில் குடியேறியதற்கு விஜயநகர, நாயக்க ஆட்சிகளின் விஸ்தரிப்பும் பெருங்காரணம் என்பதைச் சரித்திரம் அறியும். பூட்டியின் ஞாபகம் அதை அறியாது. ஆகவே வாசகர் இதை ஒரு குலத்தின் நினைவாகக் கொள்ள வேண்டுமேயன்றி, அரசர்களைப் பற்றிய சாட்சியமாகக் கொள்ளலாகாது.

விட்டுவந்த மண்ணை நினைத்து இவர்கள் பக்கம் பக்கமாகப் புலம்புவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். துக்கம் முழுவதும் உழைப்பாக மாறிவிடுகிறது. காட்டுக்குத் தீ வைத்து, கரிந்த நிலத்தைத் திருத்தி, அவர்கள் வெள்ளாமைக்குக் கொண்டுவரும் பகுதியைப் படிக்கையில் மனம் இரண்டுபடுகிறது: சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள், அந்தக் காட்டையே வீடாகக் கொண்ட ஜீவராசிகளைத் துரத்துகிறார்கள் அல்லவா? வெற்றியின் கதையில் இந்த உறுத்தலுக்கும் இடம் இருப்பதாலேயே அது மேலான சிருஷ்டியாகிறது. இடையிடையே அக்கையா என்னும் பாத்திரத்தின் நையாண்டி வேறு. அது இல்லாவிட்டால் இவ்வளவு பாரத்தையும் இந்தச் சிறிய புத்தகம் தாங்கியிராது.

இதன் தொடர்ச்சியாக அவர் எழுதிய 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. பரிசு பெற்றது பின்னது என்றாலும், கலைப்பெறுமதியில் முன்னதே மேல் என்பது என் அபிப்பிராயம்.