ஏறி வரவும் ஒரு பொற்காசு

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடியவர்களுக்குத் தெரியும், பாதிக் கதைகள் ஒரு மதுக்கடையில்தான் தொடங்கும். முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். முக்காடு போட்ட யாரோ வந்து ஒரு வேலை தருவார். அதோடு கடையின் ஜோலி முடிந்தது. குகைக்குக் கிளம்பியபின் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகத்தில், வாட்டர்டீப் நகரத்தில் இருக்கும் 'யானிங் போர்ட்டல்' கொஞ்சம் வேறு மாதிரி. கொட்டாவி விடும் வாசல் என்று பெயருக்கு அர்த்தம். கடையின் நடுக்கூடத்திலேயே 40 அடி அகலத்தில் ஒரு கிணறு. 140 அடி இறங்கினால் அண்டர்மவுண்டன்: ஹாலஸ்டர் என்ற பித்துப்பிடித்த மந்திரவாதியின் பாதாளம். கடைக்காரர் டர்னன் ஒருகாலத்தில் அதில் இறங்கி, செல்வத்தோடு திரும்பி, ஹாலஸ்டரின் இடிந்த கோபுரம் இருந்த இடத்திலேயே கடை கட்டியவர். கயிற்றில் இறக்கிவிட ஒரு பொற்காசு வாங்குவார். தூக்கிவிடவும் ஒரு பொற்காசு. இறங்குகிறவர்கள் திரும்புவார்களா என்று மேலே குடிக்கிறவர்கள் பந்தயம் கட்டுவார்கள்.

எல்லோரும் கிணற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது காசுதான் முக்கியமாகப் படுகிறது. விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி, தொழில் பழகாத கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் 2 வெள்ளிக்காசு. ஒரு பொற்காசு என்பது அவருடைய ஐந்து நாள் உழைப்பு. வீரர்களுக்கு அது சில்லறை. ஆனால் கீழே பையைத் தொலைத்தவனுக்கு?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு புத்தகங்களைப் படித்தால் ஏமாற்றம்தான். 2017இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி யானிங் போர்ட்டல்' கடையின் பெயரைத் தலைப்பில் வைத்திருக்கிறது. உள்ளே இருப்பதோ ஏழு பழைய சாகசங்களின் தொகுப்பு. கடை வெறும் அட்டைப்படம். 2018இல் வந்த 'டிராகன் ஹெய்ஸ்ட்' பரவாயில்லை. தொடக்கத்திலேயே கிணற்றிலிருந்து ஒரு டிரோல் ஏறி வருகிறது. கோப்பையோடு வேடிக்கை பார்ப்பவர்களைப் பாதாளமே தேடி வருவது நல்ல கற்பனை. ஆனால் கதை சீக்கிரமே வேறு தெருவுக்குப் போய்விடுகிறது. அதே வருடம் வந்த 'டஞ்சன் ஆஃப் தி மேட் மேஜ்' கிணற்றை ஒரு படிக்கட்டு அளவுக்குத்தான் பயன்படுத்துகிறது.

அந்தக் காசின் கனத்தை நான் உணர்ந்தது எங்கள் சனிக்கிழமை வீடியோ கால் ஆட்டத்தில். நான்தான் டஞ்சன் மாஸ்டர். நாலு பேர் அடிவாரத்துக்குத் திரும்பினார்கள், கையில் மூன்று காசு. "நீங்க போங்கடா, நான் இருக்கேன்" என்றான் ஒருவன். மூவரும் மேலே ஏறிப்போய்க் குடிகாரர்களிடம் கடன் கேட்டார்கள். அவன் திரும்பமாட்டான் என்று பந்தயம் கட்டியவர்கள் எப்படித் தருவார்கள்? நானும் விதியைத் தளர்த்தவில்லை. டர்னன் கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அந்த வாரம்தான் அவனுக்கு நிஜத்தில் வேலை போயிருந்தது. நாங்கள் வாட்ஸப்பில் கைகூப்பும் எமோஜி போட்டிருந்தோம். அதற்குமேல் யாரும் போன்கூடச் செய்யவில்லை. கிணற்றைச் சுற்றி நிற்பவர்களைச் சித்தரித்துக்கொண்டே போனவன் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். யாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்துவிட்டது.

கடைசியில் ஒருத்தி தன் வாளை விற்றுக் காசு கட்டினாள். ஆயுதமில்லாமல் அடுத்த மூன்று வாரம் ஆடினாள். நான் நடத்திய ஆட்டங்களிலேயே நல்ல ஆட்டம் அதுதான்.

யானிங் போர்ட்டலை உருவாக்கியவர்கள் ஒரு அபாரமான இடத்தைக் கட்டிவிட்டு, அதன் கணக்குப் புத்தகத்தைத் திறக்காமலே போய்விட்டார்கள் என்பதுதான் என் விமர்சனம். அரக்கர்களுக்குப் பக்கம் பக்கமாக விவரம் தருகிறார்கள். மேலே நிற்பவர்களில் யார் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பதற்கும் ஒரு பக்கம் தந்திருக்கலாம்.

அன்று ஆட்டம் முடிந்ததும் அவனுக்கு போன் செய்தேன். அவன் முதலில் கேட்டது: "அந்த வாளை மறுபடி வாங்க முடியுமாடா?"