மூன்று கும்மட்டமும் ஒரு நத்தையும்

அக்கா மகள் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, "ப்ளஸ் ஒன்ல ஹ்யுமானிட்டீஸ் எடுக்கறேன்" என்று சொன்ன அன்று ராத்திரி, வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "பாலிடிக்ஸெல்லாம் ஒரு படிப்பாம்மா? அதான் டீக்கடையிலயே சொல்லித் தராங்களே" என்றார் அத்தான். பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நானோ பி.காம். அரசியலைப் பற்றி எழுதி சம்பளம் வாங்குகிறேனே தவிர, படித்தது என்னவோ பற்று வரவுதான். சரி, அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று பார்க்க திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் பழைய சி.பி.எஸ்.இ. புத்தகங்களை வாங்கி வந்தேன். சுதந்திரத்துக்குப் பிறகான இந்திய அரசியலைப் பற்றிய ப்ளஸ் டூ புத்தகத்தை ஒரே ராத்திரியில் முடித்தேன். பாடப்புத்தகத்துக்காக நான் கண் விழித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பரீட்சைக்குக்கூட விழித்ததில்லை.

2007ல் வந்த என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் அது. தலைமை ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும். பக்கத்துக்குப் பக்கம் சங்கரும் ஆர்.கே.லட்சுமணும் போட்ட கார்ட்டூன்கள், நடுநடுவே அமுல் விளம்பரங்கள். ஓரத்தில் உன்னி, முன்னி என்று இரண்டு வாண்டுகள் வந்து வாத்தியாருக்குச் சங்கடமான கேள்விகளாகக் கேட்கின்றன. மத்தியில் காங்கிரஸ் ஆண்டுகொண்டிருந்தபோது வந்த இந்தப் புத்தகத்தில் நெருக்கடி நிலைக்கென்றே ஓர் அத்தியாயம். 1984ம் இருக்கிறது, 2002 குஜராத்தும் இருக்கிறது. ஓட்டுப் போட இன்னும் ஒரு வருஷமே பாக்கியுள்ள பிள்ளையிடம், "இது நடந்தது, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கிற புத்தகம். நான் படித்த காலத்தில் எந்தப் புத்தகமும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

குறையே இல்லையா? இருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்து பார்த்தால் தமிழ்நாடு ரொம்பத் தூரத்தில்தான் தெரியும் போலிருக்கிறது. 1967ல் ஒரு மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்து, பல பத்தாண்டுகள் ஆண்ட இயக்கத்துக்கு ஒரு பெட்டிச் செய்தி, தேர்தல் அத்தியாயத்தில் இன்னும் கொஞ்சம். அவ்வளவே. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய லட்சுமணின் கார்ட்டூனையும் போட்டிருந்தார்கள். போராடும் மாணவனுக்கு இங்கிலீஷும் தெரியாது என்பதுதான் அதிலுள்ள கிண்டல். 1965ல் இங்கே தீக்குளித்தவர்கள் உண்டு, துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் உண்டு. அதற்குப் பக்கத்தில் இந்த நக்கல் மட்டும் தனியாக நின்றால் உறுத்தத்தான் செய்யும். 2012ல் கருணாநிதியும் வைகோவும் ஜெயலலிதாவும் ஒரே குரலில் கண்டித்தார்கள். மூவரும் ஒத்துப்போன அபூர்வ சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நத்தைப் பிரச்னை. 1949ல் சங்கர் போட்ட படம், ப்ளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தது. அரசியல் சட்டம் ஒரு நத்தை. அதன் மேல் சாட்டையோடு அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. சட்டம் எழுத ஏன் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆயிற்று என்று விளக்கத்தான் அந்தப் படம். ஆனால் அம்பேத்கரின் பின்னால் ஒருவர் சாட்டையோடு நிற்பதைப் பார்த்த தலித் மக்களுக்கு வேறு ஞாபகங்கள் வந்தன. வராதா என்ன? 2012 மே மாதம் நாடாளுமன்றம் கொதித்தது. அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். யாதவும் பல்ஷிகரும் ராஜினாமா செய்தார்கள். மறுநாள் புனேயில் பல்ஷிகரின் அறையை அடித்து நொறுக்கினார்கள். பிறகு போடப்பட்ட தோரட் கமிட்டி ஒரு கத்தைக் கார்ட்டூன்களை எடுக்கச் சொன்னது. அந்தக் கமிட்டியில் மாறுபட்டுக் குறிப்பு எழுதியவர் நம் ஊர் ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன். திராவிட அரசியலைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர், வெட்டாதீர்கள் என்றார்!

எனக்கும் அவர் கட்சிதான். லட்சுமணின் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அதே 1965ல் இங்கிருந்து எழுந்த குரல் ஒன்றைப் போட்டிருந்தால் பையன்கள் வகுப்பில் அடித்துக்கொண்டிருப்பார்கள். வாத்தியார் பாடு திண்டாட்டம், ஆனால் பாடம் நடந்திருக்கும். கத்தரிக்கோலை ஒருமுறை நாம் எடுத்துக் கொடுத்தோம். அடுத்து வந்தவர்களுக்கு நம் கோபமும் வேண்டியிருக்கவில்லை, நாடாளுமன்ற அமளியும் வேண்டியிருக்கவில்லை.

2022ல் பாடச்சுமையைக் குறைக்கிறோம், கொரோனாவால் பிள்ளைகள் பாவம் என்றார்கள். ப்ளஸ் டூ புத்தகத்தில் மக்கள் இயக்கங்கள் அத்தியாயம் முழுசாகப் போயிற்று. சிப்கோ, தலித் பேந்தர்ஸ், நர்மதா, நெல்லூர்ப் பெண்களின் சாராய எதிர்ப்பு, தகவல் அறியும் உரிமைப் போராட்டம் எல்லாம் அதில்தான் இருந்தன. காங்கிரஸ் தனிக்காட்டு ராஜாவாக இருந்த காலத்து அத்தியாயமும் போயிற்று. குஜராத் 2002ம் போயிற்று. 2024 பதிப்பில் பாபர் மசூதிக்குப் பெயரே கிடையாது. 'மூன்று கும்மட்டங்கள் கொண்ட கட்டடம்'. அயோத்தி பற்றி நாலு பக்கம் இருந்தது, இரண்டாகிவிட்டது. இடித்ததைப் பற்றி ஒரு கட்சியும் கட்டியதைப் பற்றி இன்னொரு கட்சியும் இத்தனை வருஷம் பேசியிருக்கின்றன. பிள்ளைகளுக்கு மட்டும் பெயர் தெரியக்கூடாதாம். 2023லேயே யாதவும் பல்ஷிகரும் எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கடிதம் எழுதிவிட்டார்கள். சுமை குறைந்தது வாஸ்தவம். பழைய புத்தகத்தையும் மருமகளின் புதுப் புத்தகத்தையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தேன், புதுசு லேசாகத்தான் இருக்கிறது.

இந்த வெட்டுக்கு முன்னாலும் எல்லாம் பிரமாதமாக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உன்னியும் முன்னியும் கேட்கிற கேள்விகளுக்குக் கடையில் நோட்ஸ் கிடைக்கிறது. 'விமர்சன நோக்கில் ஆராய்க' என்ற கேள்விக்கும் ஆறு பாயின்ட் விடை அச்சடித்துத் தருகிறார்கள். மருமகள் நெருக்கடி நிலைக்கான காரணங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். ஒரு காரணம் விட்டுப்போனதும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மேஜையில் பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். புரட்டிக்கொண்டே இருந்தாள். மரத்தைக் கட்டிப்பிடித்த பெண்களின் கதையில் நின்றாள்.

"மாமா, இது எக்ஸாமுக்கு வருமா?"

"வராது. எடுத்துட்டாங்க."

"அப்ப லீவுல படிக்கறேன்" என்று பையில் போட்டுக்கொண்டாள். அறுபது ரூபாய் கொடுத்து வாங்கினேன். இன்னும் திருப்பித் தரவில்லை.