நின்றுபோன எக்ஸ்.எல். சூப்பர்: கிக்கர் கடைசியில்தான்

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். மல்லாட்டை மூட்டை, புல்லுக்கட்டு, அதற்கும் மேல் ஓர் ஆள் என்று ஏற்றினாலும் முனகாமல் போகிற வண்டி, இரண்டு மழைக்காலம் கொட்டகையில் நின்றுவிட்டால் முரண்டு பிடிக்கிறது. விருத்தாசலம் வட்டாரத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு வண்டி சுவரோரம் சாத்திக் கிடக்கும். பிள்ளை வெளிநாடு போயிருப்பான், அல்லது வீட்டுக்குப் புது வண்டி வந்திருக்கும். பழையதை விற்க மனம் வராது. பிறகு ஒருநாள் அவசரத்துக்கு அதை வெளியே இழுத்து, ஆள் மாற்றி ஆள் உதைப்பார்கள். நல்ல எஞ்சின்கள் பல அந்த உதையில்தான் போகின்றன.

கருவேப்பிலங்குறிச்சியில், வெள்ளாற்றுப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் சில ஆண்டுகளாகக் கிடந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பரை ஓட வைத்து, ஓட்டியும் பார்த்து எழுதுவது இது. வெளிநாட்டு வேலைக்குப் போன உறவினரின் வண்டி. 69.9 சி.சி., ஒற்றை சிலிண்டர், சுமார் 3.5 குதிரைத்திறன். கியர் போடும் வேலை இல்லை. எஞ்சின் வேகம் ஏறியதும் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலோடு 2டி ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-இன் வழிவந்தது. ஷோரூம் வண்டியைப் பளபளப்பு குறையாமல் ஓட்டிப் பார்த்து எழுதுவோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. கைவிடப்பட்ட பிறகு, ஊர் மெக்கானிக்கின் கையால் இந்த வண்டி எவ்வளவு சுலபமாக மீள்கிறது?

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. கனடாவின் கியூபெக்கில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1959-இல் ஸ்கி-டூ பனி வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அந்த வகை வண்டிகளும் நெடுங்காலம் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில்தான் ஓடின. தானே பிடிக்கும் கிளட்ச், சோக், கார்ப்ரேட்டர், எண்ணெய் எரியும் வாசம் எல்லாம் நம் எக்ஸ்.எல்.லுக்கு நெருங்கிய சொந்தம். உதைப்பதற்குப் பதிலாக அங்கே கயிற்றை இழுப்பார்கள், அவ்வளவுதான். பனி உருகியதும் கொட்டகைக்குப் போகும் வண்டி அடுத்த குளிர்காலத்தில் கிளம்ப மறுக்கும். காஷ்மீரின் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் பனி வண்டிகளுக்கும் கோடை முழுக்க இதே ஓய்வுதான். இங்கே வெயிலும் வடகிழக்குப் பருவமழையும் செய்வதை அங்கே கோடை செய்கிறது.

கெடுப்பது பெட்ரோல். அது ஒரே திரவம் இல்லை, பல பொருள்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினில் முதலில் தீப்பிடிக்கிறது. டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியாக முதலில் பறந்துபோவதும் அதுதான். மே மாத விருத்தாசலம் வெயிலில் சில மாதங்களே போதும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். இந்த வண்டியின் பெட்ரோல் டேப்பைக் கழற்றியதும் வந்தது வார்னிஷ் நாற்றம். கார்ப்ரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால், பெட்ரோல் போய், கலந்திருந்த ஆயில் மட்டும் கருப்பட்டிப் பாகு போல ஜெட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்த நிலையில் நாள் முழுக்க உதைத்தாலும் எஞ்சினுக்குள் எரிபொருள் போகாது.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு சிக்கல் கூடியிருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலப்பு 2023 பிப்ரவரியில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். நான்கு ஸ்ட்ரோக் வண்டி என்றால் இடறி நின்றுவிடும். டூ ஸ்ட்ரோக்கில் இதைவிட ஆபத்து உண்டு. 2டி ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடுதான் இருக்கும், அடியில் பிரிந்த நீரில் இருக்காது. டேப் முதலில் எடுப்பதோ அடித் திரவத்தை. ஆயில் இல்லாமல் நாலு நிமிஷம் ஓடினாலும் பிஸ்டன் ஜாம் ஆகும். ஆகவே பழைய பெட்ரோலில் புதியதை ஊற்றிச் சரிக்கட்டும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். டேங்கை முழுக்க வடித்து, புதுப் பெட்ரோல் கொஞ்சம் விட்டுக் குலுக்கி, அதையும் கொட்டிவிடுவதே சரி. டேப்பிலிருந்து கார்ப்ரேட்டருக்கு வரும் டியூப் விறைத்து வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும்.

வண்டியை மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனதும் என் கால் கிக்கருக்குப் போவதைப் பார்த்து மெக்கானிக் தடுத்தார்.

“உதைக்காதீங்கண்ணே. உள்ள காஞ்சி கெடக்கும். மொதல்ல எண்ண எறங்கட்டும்.”

அவர் சொன்னதுதான் இந்த வேலையின் உயிர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க்குக்குக் கீழே எண்ணெய் தேங்கி நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி எதுவும் இல்லை. பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பேரிங்குக்கும் ரிங்குக்கும் பசை. வண்டி நின்றால் அந்தப் பசை வடிந்துவிடும். மழைக்கால ஈரம் சிலிண்டரின் உட்சுவரான போரில் மெல்லிய துருவை ஏற்றும். அதன்மேல் பலங்கொண்டு உதைத்தால் ரிங் போரைக் கீறிவிடும். அவர் பிளக்கைக் கழற்றி, துளை வழியாகக் கொஞ்சம் 2டி ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிட்டார். மறுநாள் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினார். முதலில் இறுக்கம், பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கியது. பனிநாடுகளில் வண்டியைச் சாத்தும்போதே எஞ்சினுக்குள் எண்ணெயைப் புகைபோலத் தெளித்துவிடுகிறார்கள். நாம் சாத்தும்போது செய்யத் தவறியதை எடுக்கும்போது செய்கிறோம்.

இனி வண்டியின் அமைப்பைப் பாராட்டியாக வேண்டும். கழற்றி அடுக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடிகள் குறைவு. ஒரு பிளக் ஸ்பேனர், சில சாதாரண ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் வேலை ஆரம்பிக்கலாம். கார்ப்ரேட்டர் சின்னது, உள்ளே பாகங்கள் கொஞ்சம். ஜெட்டுகளைக் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊக்கோ குண்டூசியோ விட்டுக் குடையக் கூடாது. பித்தளைத் துளை மயிரிழை பெரிதானாலும் கலவையின் அளவு மாறிவிடும். அடம் பிடித்த இடத்தில் அவர் மின்கம்பியின் மெல்லிய செம்பு இழை ஒன்றை மட்டும் பயன்படுத்தினார்.

பிளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை, ஊர் அப்படி. விருத்தாசலத்தின் சூளைகளில் அகல், பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று வேகிற பீங்கானுக்கு நெருங்கிய உறவு ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை உடம்பு. சாதாரணப் பீங்கான் ஏறக்குறைய 1,200 முதல் 1,400 டிகிரிக்குள் வெந்துவிடும். பிளக்கின் உடம்பான அலுமினாவுக்கு சுமார் 1,600 டிகிரி வேண்டும். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் பக்கவாட்டில் ஓடிவிடாமல் நுனிக்குக் கொண்டுபோவது அந்தச் சுடப்பட்ட மண்தான். அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலோ, கரி ஏறினாலோ பொறி நுனிக்கு வராது. எக்ஸ்.எல்.லின் மேக்னட்டோ பொறிக்காக பேட்டரியை நம்புவதில்லை என்பது இங்கே பெரிய வரம். புது பிளக்கைக் கேப்பில் மாட்டி, சிலிண்டரின் இரும்பில் அணைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடித்துக் கிக்கரை அழுத்தியதும் நீலப் பொறி வெடித்தது.

இவ்வளவு செய்தும் வண்டி கிளம்பவில்லை. காரணம் சைலன்சரின் வாயில் இருந்தது: குளவி மண்ணால் கட்டிய கூடு. டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியே போனால்தான் புதுக் கலவை உள்ளே வரும். வால்வு இல்லாததால் இந்த மூச்சுதான் எஞ்சினின் கணக்கு. பனி வண்டிக்காரர்களுக்கு அதே இடத்தில் எலிக் கூடு கிடைக்குமாம். கூட்டை உடைத்து, உள்ளே படிந்த கரியையும் சுரண்டிய பிறகு சோக் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்து உதைத்தார். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கடையை மூடியது. ஊறவிட்ட ஆயில் எரிந்து தீர்ந்ததும் மெலிந்தது.

கிளம்பியதும் மகிழ்ந்து ஓட்டிப் போய்விடக் கூடாது. ஐடிலில் விட்டுக் காது கொடுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் தானாக ஏறினால் கிராங்க்கின் ஆயில் சீல் காய்ந்து காற்றை இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டனைப் பிடிக்கும். இந்த வண்டியில் அந்தக் குறி இல்லை. முதல் பெட்ரோலுக்கு வழக்கமான லிட்டருக்கு 20 மில்லிக்குப் பதிலாகச் சற்றுக் கூடுதலாக 2டி ஆயில் விட்டோம்.

டயரும் பிரேக் கேபிளும் மாற்றிய பிறகு விருத்தாசலம் சாலையில் ஓட்டினேன். இழுவை குறையவில்லை. பின்னால் ஆள் ஏறினாலும் மேட்டில் மெதுவாக, ஆனால் விடாமல் ஏறுகிறது. டிரம் பிரேக் மட்டும் பயமுறுத்துகிறது. துருப்பிடித்த டிரம்மை எமரி தாளால் தேய்த்தும், லாரிகள் போகும் சாலையில் அதை நம்பி வேகம் எடுக்க மாட்டேன். புகையையும் மறைக்க முடியாது. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சைலன்சர் வழியே போய்விடுகிறது. 2015-இல் வந்த நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 அந்த வகையில் நல்ல மாற்றம். தினமும் ஓட்டுகிறவர் அதைத்தான் வாங்க வேண்டும். வருஷத்தில் சில மாதம் மட்டும் எடுத்து, மற்றபடி சாத்தி வைக்கிறவருக்கு இந்தப் பழையது இன்னும் பொருந்தும். கெட்டால் கம்ப்யூட்டரைத் தேட வேண்டியதில்லை.

சாத்துவதென்றால் டேங்கை வடித்துவிட்டு, கார்ப்ரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள். பிளக் துளையில் ஆயில் விட்டு, சைலன்சர் வாயில் துணி அடையுங்கள். துணி இருப்பதை ஹேண்டில்பாரில் எழுதிக் கட்டுங்கள்.

இப்படிக் கிடந்த வண்டியை விலைக்கு வாங்கப் போகிறவர், போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள், ஆறட்டும். ஆறிய எஞ்சினை உங்கள் கண்முன் உதைக்கச் சொல்லுங்கள். பிறகு விலை பேசலாம்.