கரிநெருப்பும் காலையுணவும்: உயிர்ப்பு மகிழ்ச்சி பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை நோக்குமிடத்து, துயரத்தைப் பாடுவதில் அது எய்திய வளத்தை மகிழ்ச்சியைப் பாடுவதில் எய்தவில்லை என்பது புலப்படும். 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. (அடிகளார் கோவாவிற் பிறந்து தமிழைக் கற்றுத் தேர்ந்தவர் என்பது நினைக்கத்தக்கது.) பாஸ்கு நாடகமும் ஒப்பாரியும் அவ்வழியே சென்றன. பெரிய வெள்ளிக்கு அழத் தமிழில் மொழி இருந்தது. மூன்றாம் நாளுக்கோ பெரும்பாலும் வாழ்த்துச் சொற்களின் அடுக்கே எஞ்சியது.

குறை மூலநூல்களில் இல்லை. மத்தேயு அச்சத்தையும் மகிழ்ச்சியையும் ஒரே மூச்சிற் கூறுகிறார். லூக்காவின் சீடர்கள் மகிழ்ச்சி மிகுதியாலேயே நம்ப இயலாது நிற்கின்றனர். இவற்றினும் நுட்பமானது யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம். இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாத சீடர், கரையேறியதும் காண்பது கரிநெருப்பும் அதன்மேல் மீனும், அப்பமுமாகும். கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அச்சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. முன்னையது தலைமைக் குருவின் முற்றம். பேதுரு குளிர்காய்ந்தவாறே தம் ஆசிரியரை மறுதலித்த இடம். எனவே கரையில் எரியும் நெருப்பு அவருக்கு வெறும் அடுப்பன்று. ஆயினும் அங்கே முதலில் வருவது கண்டனமன்று, உணவு. அன்பு பற்றிய மும்முறை வினா உண்டபின்னரே எழுகிறது. அதனைத் தொடர்ந்து பேதுருவின் மரணம் பற்றிய முன்னறிவிப்பும், பின்தொடரும்படியான அழைப்பும் வருகின்றன. சீடத்துவத்தின் விலையை மறைக்காத மகிழ்ச்சி இது.

இவ்வதிகாரத்தைச் சீனன்குடாவிலிருந்து வாசிப்போருக்கு இது எட்டாத பொருளன்று. 1942 ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, திருச்சபை மகிழ்ச்சிக்கெனக் குறித்த அதே எண்கிழமைக்குள், திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின; எண்ணெய்க் குதமொன்று தீப்பற்றி எரிந்தது. 2019 ஏப்பிரல் 21 இல், மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பிற் சிறுவர் பலர் மாண்டனர். கிழக்கிலங்கைக் கிறித்தவருக்கு இத்திருநாள் நெருப்பின் நினைவின்றி வருவதில்லை.

இத்தகைய நிலத்தில் அலங்காரத் தமிழால் உயிர்ப்பைப் பாடுவது பொய்யாகவே ஒலிக்கும். அழுகையை மறந்துவிட்ட மகிழ்ச்சியை எவரும் நம்பார். ஒப்பாரி, இறந்தவர் உண்ட கலத்தையும் உடுத்த ஆடையையும் பெயர்சொல்லி அழைக்கும் மரபு. அதன் வலிமை அவ்வீட்டுப் பொருள்களிலேயே உள்ளது. உயிர்ப்பைப் பாடவந்த புலவர்களோ அம்மொழியைக் கல்லறை வாயிலிலேயே விட்டுவிட்டு விண்ணையும் முடியையும் நாடினர். யோவான் அவ்வாறு செய்யவில்லை. அவர் காட்டுவது நனைந்த ஆடையோடு கரையேறிய ஒருவனையும், அவனுக்கெனச் சுடப்பட்ட மீனையுமே.