யாரும் படிக்காத பத்திரம்

என் பெயரில் ஒரு காப்புரிமை இருக்கிறது. முன்பு சென்னையில் வேலை பார்த்த நிறுவனம் அதற்காகக் கொடுத்த மரப்பலகை வீட்டு அலமாரியில் கிடக்கிறது. பித்தளைத் தகட்டில் என் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை. செய்த வேலை ஒன்றும் பெரிதில்லை. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் கைப்பேசியிலிருந்து படங்களை ஏற்றும்போது எதை முதலில் அனுப்புவது, பாதியில் அறுந்தால் எங்கிருந்து தொடர்வது என்பதற்கு ஒரு வழி. நிறுவனத்தின் படிவத்தில் அதை அரைப்பக்கத்தில் விளக்கினேன். நாலு மாதம் கழித்து வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து 22 பக்கம் வந்தது. நான் ‘க்யூ’ என்று எழுதியிருந்தது ‘தரவு உறுப்புகளைத் தற்காலிகமாகத் தாங்கும் சேமிப்புக் கட்டமைப்பு’ என்கிற பொருள்படும் ஆங்கிலமாகியிருந்தது. கைப்பேசி, நினைவகத்தோடு தொடர்பிலுள்ள ஒன்றோ பலவோ செயலிகளைக் கொண்ட சாதனமாகியிருந்தது. படங்களைக் காணவே காணோம்; அந்த இடத்தில் ‘உள்ளடக்கம்’. இது நான் செய்ததுதானா என்று போனில் கேட்டேன். “நீங்க செஞ்சதுதான் சார், கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கோம்” என்றார் அந்த வழக்கறிஞர் அம்மா.

மென்பொருள் காப்புரிமையின் கைவித்தை முழுவதும் அந்த அகலப்படுத்தலில் இருக்கிறது. (நம் பத்திரிகைகள் பேட்டன்டையும் காப்பிரைட்டையும் காப்புரிமை என்றே எழுதிவிடுகின்றன. ஒருவர் எழுதிய நிரலை அப்படியே நகலெடுப்பதைத் தடுப்பது பதிப்புரிமை. அதே வழி உங்களுக்கே தோன்றி, நீங்களே வேறு நிரலாக எழுதினாலும் தடுப்பது நான் இங்கே பேசும் பேட்டன்ட்.) அடிப்படையில் அது ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தன் வித்தையை, துறை தெரிந்த இன்னொருவர் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்குப் பிறரைத் தடுக்கும் உரிமையை அரசு கொடுக்கும். மருந்து செய்முறையை மகனிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடும் வைத்தியர் காலத்துக்கு இது நல்ல மாற்று. மருந்துக்கும் இயந்திரத்துக்கும் ஓரளவு வேலையும் செய்கிறது. மென்பொருளில் தடுக்கும் உரிமை மட்டும் ஒழுங்காகக் கைக்கு வருகிறது. எழுதிக் கொடுத்ததை யாரும் படிப்பதில்லை.

படிக்கக் கூடாது என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியிலேயே, பிறருடைய காப்புரிமைகளைத் தேடிப் பார்க்காதீர்கள் என்று ஒரு ஸ்லைடு வந்தது. காரணம் அமெரிக்கச் சட்டம். தெரிந்தே மீறினார் என்று தீர்மானமானால் நீதிபதி இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். தெரியாமல் இருந்தால் ஒரு மடங்கோடு போகும். ஆக, கற்றுக்கொடுப்பதற்கென்று வைத்த பத்திரத்தைக் கற்க வேண்டியவன் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். பதினெட்டு ஆண்டாக நிரல் எழுதுகிறேன். ஒரு சிக்கலுக்கு விடை தேடிக் காப்புரிமை ஆவணத்தைத் திறந்த சக ஊழியர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. ஆய்வுக் கட்டுரை படிப்போம், கிட்ஹப்பில் அடுத்தவர் நிரலைத் திறந்து பார்ப்போம், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தேடுவோம்.

ஜிஃப் படங்களின் கதை இதற்கு நல்ல சாட்சி. ஆபிரகாம் லெம்பெலும் ஜேக்கப் ஜிவும் 1978இல் வெளியிட்ட தரவுச் சுருக்க முறையை டெர்ரி வெல்ச் மேம்படுத்தினார். அவர் வேலை பார்த்த ஸ்பெர்ரி நிறுவனம் 1983இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. 1984இல் வெல்ச் அதே முறையைக் கட்டுரையாகவும் எழுதினார். விண்ணப்பம் நிலுவையில் இருப்பது பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நிரலாளர்கள் கட்டுரையைப் படித்தார்கள். தெளிவாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். 1987இல் காம்ப்யுசெர்வ் ஜிஃப் வடிவத்தை உருவாக்கியபோதும் இந்த முறையைத்தான் உள்ளே வைத்தது. காப்புரிமை 1985இலேயே கிடைத்து, ஸ்பெர்ரி இணைப்பின் வழியே யுனிசிஸ் கைக்குப் போயிருந்தது. உலகமே ஜிஃப்பில் படம் காட்டப் பழகிய பிறகு, 1994 டிசம்பரில், ஜிஃப் மென்பொருள் செய்பவர்கள் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. கோபப்பட்ட நிரலாளர்கள் ஒன்றுகூடி பிஎன்ஜி என்ற புது வடிவத்தைச் செய்தார்கள். தடை புதுமையைத் தூண்டியது என்று இதையே காப்புரிமைக்கு ஆதரவாகக் காட்டுபவர்களும் உண்டு. பாலத்தை உடைத்தால் நீச்சல் கற்றுக்கொள்வார்கள் என்பது போன்ற வாதம் அது.

ஆனாலும், எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறுக்கே ஐ4ஐ நிற்கிறது. டொரன்டோவைச் சேர்ந்த சின்ன நிறுவனம். ஆவணத்தின் உள்ளடக்கத்தையும் அதன் கட்டமைப்பைச் சொல்லும் குறிகளையும் தனித்தனியே வைக்கும் முறைக்கு 1998இல் காப்புரிமை பெற்றது. அதை வைத்துப் பொருள் செய்து விற்றுக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதே வசதியை வேர்டு மென்பொருளுக்குள்ளேயே வைத்துவிட்டதும், தனியாகக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் அவசியமில்லாமல் போனது. ஐ4ஐ 2007இல் வழக்குப் போட்டது. 2009இல் ஜூரி 20 கோடி டாலர் என்றது. வட்டி முதலியவை சேர்ந்து ஏறத்தாழ 29 கோடி. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மைக்ரோசாஃப்டின் வாதத்தை ஏற்கவில்லை. காப்புரிமை இல்லையென்றால் அந்த நிறுவனத்துக்கு வேறு எந்த ஆயுதம் இருந்திருக்கும்? பதிப்புரிமை உதவியிருக்காது, மைக்ரோசாஃப்ட் அவர்கள் நிரலை நகலெடுக்கவில்லை. திறந்த மூல நண்பர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கிடைத்த பதில்கள் எனக்குப் போதவில்லை.

சங்கடம் என்னவென்றால், ஐ4ஐ வென்ற அதே கிழக்கு டெக்சாஸ் நீதிமன்ற மாவட்டம்தான் எதையுமே செய்யாமல் காப்புரிமையை மட்டும் வாங்கி வைத்து வழக்குப் போடுபவர்களின் சந்தையாகவும் இருந்தது. 25,000 பேர்கூட இல்லாத மார்ஷல் என்ற ஊரில் வழக்குகள் குவிந்தன. அடிக்கடி பிரதிவாதியான சாம்சங், நீதிமன்றத்துக்கு எதிரிலேயே ஊர்மக்களுக்காகப் பனிச்சறுக்குத் தளத்துக்குப் பணம் கொடுத்தது. ஜூரியாக வரப்போவது அந்த ஊர்க்காரர்கள்தானே. 2017இல் உச்ச நீதிமன்றம், பிரதிவாதியின் ஊரைப் பார்த்துத்தான் வழக்குப் போட வேண்டும் என்று இறுக்கியது. அதற்கு முன்பே சின்னக் கடைகள் வரை கை நீண்டிருந்தது. எம்பிஎச்ஜே என்ற நிறுவனம், ஸ்கேன் செய்த தாளை நேரே மின்னஞ்சலில் அனுப்புவது தன் உரிமை என்று சொல்லி, ஊழியர் ஒருவருக்கு ஏறக்குறைய 1,000 டாலர் வீதம் கேட்டு ஆயிரக்கணக்கான சிறு அலுவலகங்களுக்குக் கடிதம் அனுப்பியது. வக்கீல் செலவை நினைத்தாலே பயந்து கட்டிவிடுவார்கள் என்ற கணக்கு.

இவர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளத்தான் காப்புரிமை சேர்க்கிறோம் என்று எங்கள் மேலாளர்கள் சொல்வார்கள். இது பாதி உண்மை. போட்டி நிறுவனம் வழக்குப் போட்டால் பதில் வழக்குப் போடலாம். எம்பிஎச்ஜே போன்றவரிடம் என்ன செய்வது? அவர் எதையும் தயாரிப்பதில்லை. எதை மீறினார் என்று திருப்பித் தாக்குவது?

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் என் கண்ணுக்கு நிதானமாகவே தெரிகிறது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(கே) பிரிவு, 2002 திருத்தத்துக்குப் பின், கணித முறை, வணிக முறை, அல்காரிதம், ‘பெர் சே’ (அதாவது வெறுமனே) கணினி நிரல் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்கிறது. அந்த இரண்டு லத்தீன் சொற்களை வைத்து இழுபறி இன்னும் ஓயவில்லை. 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் பிரிவைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்காமல் விட்டது. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டி எதிர்ப்புக்குப் பின் நிறுத்தி வைக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் வந்தது புதுமை வன்பொருளிலும் வேண்டும் என்றது. 2017இல் அந்த நிபந்தனையும் போயிற்று. நடைமுறையில், வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருப்பதால் ஓ.எம்.ஆர். சாலையில் பிறக்கும் யோசனைக்கு ஜாதகம் அங்கேதான் எழுதப்படுகிறது. கிண்டி காப்புரிமை அலுவலகத்தைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போன எனக்கு அதற்குள் போக ஒருநாளும் தேவைப்படவில்லை.

எழுதியவனுக்கு என்ன கிடைக்கும்? ஜெர்மனியில் 1957 முதல், கண்டுபிடித்த ஊழியருக்கு நியாயமான தொகை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் காப்புரிமைச் சட்டம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சேரும் நாளில் படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் சட்டம். என் பங்குக்கு மரப்பலகையும் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியும் வந்தன. குறை சொல்லவில்லை, ஐந்து வார வேலைக்கு அது தாராளம். ஆண்டு இறுதி அப்ரைசலில் காப்புரிமை எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் வந்த பிறகுதான் கூத்து தொடங்கியது. காலாண்டு முடியும் வாரத்தில், “ஏதாவது ஐடியா இருக்கா ப்ரோ, ரெண்டு பேர் பேரும் போட்டுக்கலாம்” என்று மேசை மேசையாக வருவார்கள்.

2012இல் ட்விட்டர் ஒரு நல்ல காரியம் செய்தது. கண்டுபிடித்த ஊழியரின் சம்மதம் இல்லாமல் காப்புரிமையைத் தாக்குதலுக்குப் பயன்படுத்த மாட்டோம், வேறொருவருக்கு விற்றாலும் இந்தக் கட்டுப்பாடு கூடவே போகும் என்று ஊழியரோடு ஒப்பந்தம் போட்டது. பெரிய நிறுவனங்களிடையே அது பரவவில்லை. எனக்கு அப்படி ஒரு சொல் இருந்திருந்தால் தேவலை. நான் விலகிய பிறகு அந்தப் பழைய நிறுவனம் கைமாறியது. அதன் துண்டுகள் மறுபடி கைமாறின. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காப்புரிமையை இணையத்தில் தேடினேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர், இங்கே பிழையில்லாமல். உரிமையாளர் என்ற இடத்தில் நான் கேள்விப்பட்டிராத ஒரு பெயர். தேடிப் பார்த்ததில் அவர்கள் எந்த மென்பொருளும் விற்பதாகத் தெரியவில்லை. இப்போது நான் வேலை செய்யும் இடத்திலும் படங்களை ஏற்றுகிறோம். உரிமைக் கோரிக்கைகள் இருந்த பகுதிக்குக் கீழே நகர்த்தப் போனபோது, பயிற்சியில் பார்த்த அந்த ஸ்லைடு நினைவுக்கு வந்தது. பக்கத்தை மூடிவிட்டேன்.